1000 வாட் மிக்சி இருக்கும்போது கிரைண்டர் எதற்கு?

கேள்வி – 8 ஜனவரி 2023
புது வீட்டுக்குக் குடி போகிறோம். சமையல் மேடை சின்னது. 1000 வாட் மிக்சி வாங்கியாச்சு. கிரைண்டரும் வேண்டும் என்று மாமியார் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஐந்து நிமிடத்தில் மிக்சி அரைத்துக் கொடுப்பதை அரை மணி நேரம் கல்லை ஓடவிட்டு ஏன் ஆட்ட வேண்டும்? வெறும் பழக்கதோஷம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

8 ஜனவரி, இரவு
திருப்பூரில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இரண்டையும் தினமும் பிரித்துப் பார்க்கிறேன். மாமியார் சொல்வதுதான் சரி.

வாட்டை விடுங்கள், சுற்றைப் பாருங்கள். சுமை இல்லாமல் ஓடும்போது மிக்சி பிளேடு நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் போகும். டேபிள் டாப் கிரைண்டரின் பாத்திரம் சுற்றுவது 150-க்குப் பக்கத்தில். மிக்சி பருப்பை வெட்டுகிறது, கல் நசுக்குகிறது. வெட்டுகிற வேகத்தில் மாவு சூடாகும். அரைத்து முடித்ததும் ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

உளுந்துக்கு இது பெரிய வித்தியாசம். அதில் ஒரு புரதமும் பசை போன்ற ஒரு சர்க்கரைப் பொருளும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்துதான் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கின்றன. கல் உளுந்தை மெதுவாகப் புரட்டிப் புரட்டி அதற்குள் காற்றை ஏற்றுகிறது. தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டினால் உளுந்து பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பு வரை வரும். அந்தப் பொங்கல் மிக்சியில் வராது. அதே அளவு உளுந்தில் மாவு குறைவாகத்தான் காணும்.

9 ஜனவரி
“கிரைண்டர் அரை மணி நேரம் ஓடுகிறதே, கரண்ட் பில் என்னாவது” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டேபிள் டாப் கிரைண்டரில் பெரும்பாலும் 150 வாட் மோட்டார்தான். அரை மணி நேரத்துக்கு 75 வாட்-மணி. 1000 வாட் மிக்சி முழுச் சுமையில் ஐந்து நிமிடம் ஓடினால் 83 வாட்-மணி. கிரைண்டர் ஒரு தடவையில் ஆட்டும் மாவை மிக்சியில் மூன்று, நான்கு ஈடு போட்டுத்தான் அரைக்க முடியும். கரண்டை வைத்து கிரைண்டரை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

9 ஜனவரி, மறுபடியும்
150 வாட்டில் கல் எப்படிச் சுற்றுகிறது என்ற கேள்விக்கு. மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். கைக்கு அடக்கமாக இருக்கும், பயங்கர வேகம், பயங்கரச் சத்தம். கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதில் பிரஷ் கிடையாது, நிமிடத்துக்கு 1440 சுற்றை ஒட்டி ஓடும். அதைச் சின்ன புல்லி, பெரிய புல்லி, பெல்ட் வைத்துப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறார்கள். வேகம் குறைகிற அளவுக்குத் திருப்பும் விசை கூடும். சின்ன மோட்டார் கல்லைச் சுற்றும் சூட்சுமம் அதுதான்.

எடை கூடுதலாக இருந்தாலும் இண்டக்‌ஷன் மோட்டாருக்கு ஆயுசு கெட்டி. என்னிடம் எரிந்து வரும் மோட்டார்களில் மிக்சியுடையதுதான் அதிகம். கிரைண்டர் வந்தால் பெரும்பாலும் பெல்ட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கபாசிட்டர் போயிருக்கும். “ஊம் என்று சத்தம் வருது, சுத்த மாட்டேங்குது, கையால தள்ளிவிட்டா ஓடுது” என்று யாராவது சொன்னால் முதலில் கபாசிட்டரைப் பாருங்கள்.

11 ஜனவரி
ஐஸ் தண்ணீர் ஊற்றி மிக்சியில் அரைக்கலாமா? அரைக்கலாம். சூடு குறையும், இட்லி ஓரளவு நன்றாகவே வரும். வெளியூரில் தனியாக இருக்கிற பிள்ளைகளுக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் சூட்டைத்தான் ஐஸ் குறைக்கும். வெட்டுவதை நசுக்குவதாக மாற்றாது.

15 ஜனவரி
பொங்கல் விடுமுறை, கடை இல்லை. சாவகாசமாக எழுதுகிறேன்.

இந்த மெஷின் நம் பக்கத்துக் கண்டுபிடிப்பு என்பது நிறைய பேருக்குத் தெரியவில்லை. கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் 1955-ல் வெட் கிரைண்டரை உருவாக்கினார். “கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்” என்ற பெயருக்கு 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வீட்டில் மாவாட்டும் மெஷினுக்கு அந்தக் குறியீடு கிடைத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும்.

அது ஏன் கோவையில் பிறந்தது? 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி மலையிலிருந்து மின்சாரம் இறங்கியது. மில்கள் பெருகின, கிணற்றுக்கு பம்பு வந்தது. மேலே ஒருவர் “அந்தக் காலத்தில் மோட்டார் எல்லாம் சீமையிலிருந்துதான் வரும்” என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-லேயே இங்கே மோட்டார் செய்துவிட்டார்கள். பவுண்டரி, லேத், மோட்டார் காயில் சுற்றுகிறவர் என்று எல்லாம் ஒரே ஊரில் இருந்தன. கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கம் போனால் போதும். இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் பட்டறைக்காரர் ஒருவரால் இதை யோசிக்க முடிந்தது.

நான் உண்மையிலேயே வியப்பது எதை என்று சொல்கிறேன். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவிதான் சுற்றும். ஒரு கை குழவியைச் சுற்ற, இன்னொரு கை ஓரத்தில் ஒதுங்கும் மாவைக் குழிக்குள் தள்ளிவிடும். இதை மெஷினாக்கச் சொன்னால் யாரும் முதலில் குழவியில் மோட்டாரை மாட்டத்தான் பார்ப்பார்கள். அப்படி மாட்டினால் தள்ளிவிடுகிற கையும் குழவியோடு சேர்ந்து சுற்ற வேண்டியிருக்கும். கிரைண்டரில் இது தலைகீழ். கல் சுற்றும், குழவி ஒரே இடத்தில் நின்று உருளும். அப்போது மாவு தானாக நகர்ந்து வரும். பக்கத்தில் அசையாமல் ஒரு பலகையை நிறுத்திவிட்டால் அதுவே மாவை வழித்துக் குழவிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருக்கும். மாவு தள்ளும் கைக்கு வேலையே இல்லை. குழவிக்கடியில் விரல் நசுங்கிய பெண்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அந்தப் பயமும் போயிற்று.

15 ஜனவரி, மாலை
“அப்படியென்றால் மிக்சி வெளிநாட்டுச் சரக்கு, கிரைண்டர் நம் சரக்கு” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்படிப் பிரிக்காதீர்கள். நம் வீட்டு மிக்சியும் நம் சமையலுக்காகவே பிறந்ததுதான். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின்கள் பழச்சாறு, கேக் மாவு போன்ற மென்மையான வேலைகளுக்குச் செய்யப்பட்டவை. ஊறிய பருப்பையும் காய்ந்த மஞ்சளையும் போட்டால் மோட்டார் எரிந்துவிடும். மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் மனைவி மாதுரி வைத்திருந்த மிக்சி அப்படித்தான் போயிற்று. அவர் நம் சமையலுக்குத் தாங்குகிற மோட்டாரை வைத்து 1963-ல் சுமீத் மிக்சியைக் கொண்டுவந்தார். சட்னி, மிளகாய்ப்பொடி, தேங்காய் மசாலா என்று அம்மியின் வேலையை அதுதான் எடுத்துக்கொண்டது. அம்மி வேலைக்கு மிக்சி, ஆட்டுக்கல் வேலைக்கு கிரைண்டர். ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டும்போதுதான் இரண்டும் என் கடைக்கு வருகின்றன.

22 ஜனவரி
ஒரு வாரமாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். நாம் எல்லோரும் அரைப்பதைப் பற்றியே பேசுகிறோம். பொருள் கல்லுக்குள் இருக்கும் நேரத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்தது பழைய மாடல், தரையில் நிற்கிற பெரிய கிரைண்டர். கல்லை எடுக்க முடியாது. ஆட்டி முடிந்ததும் அம்மா குழவியைத் தூக்கிப் பக்கத்தில் வைப்பார். அதுவே ஒரு பாரம். அப்புறம் குனிந்து, குழிக்குள் கையை விட்டு மாவை வழித்து வழித்துத் தூக்கில் போடுவார். முழங்கை வரை மாவாக இருக்கும். கழுவுவது அதைவிடப் பெரிய வேலை. தண்ணீரை ஊற்றிச் சுற்றவிட்டு, ஒரு டம்ளரால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றி, கடைசிச் சொட்டைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஆட்டுவது மெஷின் என்றாலும் இடுப்பு ஒடிந்தது அம்மாவுக்குத்தான்.

இந்த மெஷினுக்குப் பிறகு வந்த மாற்றங்களை வரிசையாக யோசித்துப் பார்த்தேன். டில்டிங் கிரைண்டரில் கல்லை அப்படியே சாய்த்து மாவைப் பாத்திரத்தில் கொட்டிவிடலாம். டேபிள் டாப்பில் ஸ்டீல் பாத்திரத்தின் அடியில் மட்டும் கல், மேலே கூம்பு வடிவ உருளைக் கற்கள். பாத்திரத்தையே கழற்றி சிங்க்கில் வைத்துக் கழுவலாம். மாவு இவற்றால் கூடுதல் நைஸாகிவிடவில்லை. எல்லாமே எடுப்பதையும் கழுவுவதையும் பற்றியவை. இந்த மெஷினை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது இதுதான் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். பட்டறைக்காரர்கள் பெண்களின் புகாரைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்டவர் மனத்தில் இருக்கும் கிரைண்டர் அந்தப் பழைய தரை மாடலாக இருந்தால் அவருடைய தயக்கம் நியாயமானதுதான்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியதும் அதற்கு முன் கிரைண்டரே பார்க்காத வீடுகளுக்கும் டேபிள் டாப் போய்ச் சேர்ந்தது. தரத்தைப் பற்றி ஆயிரம் சொல்வார்கள். அந்த கிரைண்டர்கள் இன்னும் என் கடைக்கு ரிப்பேருக்கு வருகின்றன. ஓடுவதால்தானே வருகின்றன!

23 ஜனவரி
“டேபிள் டாப் மாவு பெரிய கல் மாவு மாதிரி வராது” என்ற பெரியவருக்கு: ஒத்துக்கொள்கிறேன், கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பெரிய கிரைண்டரில் குழியின் சுவர் முழுக்கக் கல், குழவியின் எடையும் அதிகம். விசேஷ வீட்டுச் சமையல்காரர்களும் ஹோட்டல்காரர்களும் இன்றும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் நான்கு பேர் உள்ள வீட்டில் அந்த வித்தியாசத்தைச் சாப்பிடுகிறவர் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மாவு சரியில்லை என்று என்னிடம் வரும் டேபிள் டாப்பில் பெரும்பாலும் குறை கல்லின் அளவில் இல்லை. உருளைக் கல்லின் நடுவே ஒரு புஷ் இருக்கும். நைலான் வளையம் மாதிரி இருக்கும். அது தேய்ந்துவிட்டால் கல் ஆடும், அடிக்கல்லோடு ஒட்டி உட்காராது. பருப்பு இடுக்கில் தப்பித்துத் திரிதிரியாகவே நிற்கும். கல்லை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடுக்கம்பியை ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் புஷ் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மலிவான சாமான்தான்.

போன மாதம் ஒரு அக்கா மாவில் கருப்புக் கோடு ஓடுகிறது என்று கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேறு கடையில் புது கிரைண்டரே வாங்கச் சொல்லிவிட்டார்களாம். பிரித்தால், கம்பி நுழையும் இடத்தில் இருந்த ரப்பர் சீல் கிழிந்து, தேய்ந்த கருப்புத் தூள் மாவில் கசிந்துகொண்டிருந்தது. சீலை மாற்றினேன், அதே கிரைண்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். கருப்பாகக் கசிந்தால் அந்த மாவைச் சாப்பிடாதீர்கள். மெஷினைத் தூக்கியும் எறியாதீர்கள்.

23 ஜனவரி
கிரைண்டரோடு கொடுக்கும் தேங்காய்த் துருவி பயன்படுமா? அரைமூடித் தேங்காயைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு மூடிக்காக அதை மாட்டிக் கழற்றிக் கழுவுவதற்குள் அரிவாள்மனைத் துருவியில் நான்கு மூடி துருவிவிடலாம். பத்துத் தேங்காய்க்கு மேல் என்றால் மாட்டுங்கள். ஈரக்கையோடு வேலை செய்வதால் மூன்று பின் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுகிற பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். சப்பாத்தி மாவு பிசையும் கொக்கி நல்ல சாமான். பெரிய குடும்பத்துக்கு உதவும்.

29 ஜனவரி
“கடையில் மாவு பாக்கெட் கிடைக்கிறதே, இரண்டும் வேண்டாம்” என்று சிலர். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது வரம், குறை சொல்ல மாட்டேன். அதன் பின்னால் இருக்கும் மெஷினையும் கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு மாவுக் கம்பெனியில் பெல்ட் மாற்றப் போயிருந்தபோது பாக்கெட் மெஷினைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேலே பிளாஸ்டிக் தாள் ரோலாக இருக்கிறது. இறங்கி வரும் தாளை சட்டைக் காலர் போன்ற ஒரு தகடு வளைத்துக் குழாயாக்குகிறது. சூடான ஒரு பட்டை அந்தக் குழாயின் முதுகை நெடுக ஒட்டுகிறது. கீழே இரண்டு தாடைகள் குறுக்கே கடித்து அடியை ஒட்டுகின்றன. உள்ளே குழாய் வழியாக மாவு அளவாக விழுகிறது. தாள் ஒரு பாக்கெட் நீளம் இறங்குகிறது. தாடைகள் மறுபடி கடிக்கும்போது இந்தப் பாக்கெட்டின் மேல்வாயும் அடுத்ததன் அடியும் ஒரே கடியில் ஒட்டி, நடுவில் வெட்டுப்பட்டு விழுகின்றன. பால் பாக்கெட்டும் இப்படித்தான் வருகிறது. நெடுநேரம் நகராமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் பால் பாக்கெட்டில் இல்லாத சிக்கல் ஒன்று மாவில் உண்டு. மாவு உயிருள்ள பொருள். அதில் உள்ள பாக்டீரியாக்கள் பாக்கெட்டுக்குள்ளும் வேலை செய்து வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். குளிர் குறைந்தால் பாக்கெட் பலூன் மாதிரி உப்பும். கம்பெனியிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து கடை என்று எங்காவது ஃபிரிட்ஜ் நின்றால் போச்சு. உப்பிய பாக்கெட்டை வாங்காதீர்கள். கடைக்காரர் “புளிச்சிருக்கு, தோசைக்கு நல்லா இருக்கும்” என்றால், எத்தனை மணி நேரம் வெளியில் கிடந்தது என்று கேளுங்கள்.

29 ஜனவரி, இரவு
விலை ஏன் ஏறிவிட்டது என்று கேட்டவருக்கு: வெட் கிரைண்டருக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2022 ஜூலையில் 18 சதவீதம் ஆனது. அரிசி, உளுந்து சாப்பிடுகிற ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய சாமானுக்கு இவ்வளவு வரி போட்டது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. அதற்காகப் பேர் தெரியாத சரக்கை வாங்கிவிடாதீர்கள். புஷ், சீல், பெல்ட் உங்கள் ஊரிலேயே கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

2 பிப்ரவரி
கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, “சரி, வாங்குகிறோம். மூன்று பேர், சின்ன மேடை. எது?” என்று கேட்டிருக்கிறார். மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இரண்டு லிட்டர் டேபிள் டாப் போதும். வாரத்துக்கு ஒரு ஈடு ஆட்டி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். அதைவிடச் சின்னது வாங்கினால் மாவு விளிம்பில் வழியும், உளுந்து பொங்க இடம் இருக்காது. கடையில் பாத்திரத்தைக் கழற்றி உங்கள் மாமியார் கையில் கொடுங்கள். தூக்கி, கவிழ்த்து, திரும்ப மாட்டச் சொல்லுங்கள். அவருக்குச் சிரமமாக இருந்தால் எத்தனை ஸ்டார், எத்தனை வாரண்டி சொன்னாலும் அடுத்த மாடலைப் பாருங்கள். மேடையில் வைக்கிற இடத்தையும் சிங்க்குக்குப் பக்கத்திலேயே ஒதுக்குங்கள். பரணில் ஏற்றிவிட்டால் அப்புறம் இறங்காது.

வீட்டுக்கு வந்ததும் நன்றாகக் கழுவி, முதல் இரண்டு ஈடு ஊறவைத்த நொய்யரிசியும் கொஞ்சம் கல்லுப்பும் போட்டு ஆட்டி அந்த மாவைக் கொட்டிவிடுங்கள், கல் தூள் போய்விடும். உளுந்தை முதலில் ஆட்டி எடுத்துவிட்டு, அதே கல்லில் அரிசியைப் போடுங்கள், நடுவில் கழுவ வேண்டாம். அரிசி ரவைப் பதத்தில் இருக்கும்போதே நிறுத்துங்கள். கையால் கலந்து வையுங்கள்.